நீர்பாய்ச்சியிடம் பதிவு எண் கேட்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆய்வு உதவித்தொகைத் தேர்வுக் குழுவினருக்கு,

குடிமைச் சமூகத்தையும் மரபறிவையும் பற்றி ஆராயும் இளம் ஆய்வாளர்களுக்கு நீங்கள் தரும் உதவித்தொகையின் புதிய விதிமுறைகளைச் சென்ற வாரம் என் தோழி ஒருத்தியின் மடிக்கணினியில் படித்தேன். விண்ணப்பிக்கத்தான் அவள் உட்கார்ந்தாள். படித்து முடித்ததும் கணினியை மூடி வைத்துவிட்டு, 'எனக்கு இதுல இடமே இல்லை' என்றாள். நான் உங்கள் உதவித்தொகையை வாங்கி ஆய்வை முடித்துவிட்டவள். இனி உங்களிடமிருந்து எனக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை. விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இதை எழுதத் தயங்குவார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

உதவித்தொகைக் காலத்தை 24 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைத்திருக்கிறீர்கள். ஆராயப்படும் அமைப்பு சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவு பெற்றிருக்க வேண்டும், அதன் முத்திரையோடு சம்மதக் கடிதம் இணைக்க வேண்டும் என்கிறீர்கள். ஆய்வுத் திட்டத்தை ஆங்கிலத்தில் மட்டும்தான் ஏற்பீர்களாம். கள ஆய்வில் தகவல் சொல்பவர்களுக்குக் கொடுத்துவந்த மரியாதைத் தொகையை 'அனுமதிக்கப்படாத செலவுகள்' பட்டியலில் சேர்த்துவிட்டீர்கள். இந்த நான்கில் ஏதாவது ஒன்று அப்போது இருந்திருந்தால்கூட என் ஆய்வு நடந்திருக்காது. ஏன் என்று சொல்கிறேன்.

என் ஊர் சிவகங்கைக்கும் இராமநாதபுரத்துக்கும் நடுவில் இருக்கிறது. வானம் பார்த்த பூமி. புரட்டாசியில் புழுதியில் விதைத்துவிட்டு ஐப்பசி மழைக்காகக் காத்திருப்போம். மழை முளைக்க வைக்கும். மார்கழியிலும் தையிலும் கதிர் பால் பிடிக்கும்போது கைகொடுக்க வேண்டியது கண்மாய். தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று 39,000-க்கு மேல் கணக்குச் சொல்கிறார்கள், அவற்றில் எங்களுடையது ஒன்று. ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று சொல்வது உங்களில் தெற்கத்திக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் கண்மாய்க்கு மூன்றே மடை. அந்த மூன்று மடையையும், அவற்றால் பாசனம் பெறும் நிலமான ஆயக்கட்டையும் பார்த்துக்கொண்ட நீர்பாய்ச்சிதான் என் ஆய்வின் நடுநாயகம். நான் போகும்போது அவருக்கு வயது 76.

அவர் வேலை செய்ததை நான் பார்த்த விதத்தில் சொல்ல வேண்டும். விடியற்காலையில் மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் போவார். வயலில் நிற்கும் தண்ணீரைப் பார்க்கவே மாட்டார். இறங்கி, குதிகாலை அழுத்தி ஊன்றி எடுத்துவிட்டு, அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். குழியில் நீர் ஊறினால் அந்த வயலுக்கு இன்றைக்கு முறை இல்லை. ஊறாமல் ஓரத்தில் மண் வெடிப்புக் காட்டினால் வயலுக்குள் தண்ணீர் நுழையும் வாமடையை வெட்டிவிடுவார். வயல்காரர் பக்கத்திலேயே நின்று 'எனக்கு இன்னிக்கே விடு' என்று சத்தம் போட்டாலும் அந்தக் குழி சொன்னதுதான் கணக்கு. தண்ணீர் போதாத ஆண்டுகளில் முறை கடைமடையிலிருந்து தொடங்கும், தலைமடைக்காரர் காத்திருக்க வேண்டும். எங்கும் எழுதி வைக்காத சட்டம் இது. என் அப்பா தலைமடைக்காரர். அவர் முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்ததைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன்.

இந்த வேலைக்குக் கூலி சம்பளமாக வராது. அறுவடையில் களத்துமேட்டில் ஏக்கருக்கு இத்தனை கட்டு என்று கதிராக வாங்கிக்கொள்வார். அதற்கு எங்கள் பக்கத்துப் பெயர் சுதந்திரம்.

இதையெல்லாம் பொன்னுலகம் போலச் சொல்ல நான் வரவில்லை. பல ஊர்களில் நீர்பாய்ச்சிகள் நிலமில்லாத பட்டியல் சமூகத்தார். சொந்த நிலம் இல்லாததால் நடுநிலையாகப் பங்கிடுவார்கள் என்று ஊர் பெருமையாகச் சொல்லும். ஏன் நிலம் இல்லை என்று கேட்காது. எழுபது கடந்த அவரை எங்கள் தெருவில் சின்னப் பையன்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். ஆய்வுக்குப் போன முதல் வாரத்தில் நான் 'தாத்தா' என்று கூப்பிட்டதற்கு வீட்டில் இரண்டு நாள் பேச்சு நின்றது. அவருடைய மகன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனவர், 'இந்த மம்பட்டி எங்க அப்பாவோட போகட்டும்' என்று என்னிடமே சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அறிவு வேறு, அதைச் சுமக்க வைத்த கட்டு வேறு. அந்த இரண்டையும் பிரித்துப் பார்த்து எழுதத்தான் ஓர் ஆய்வு வேண்டியிருக்கிறது, அதற்கு நாள் பிடிக்கிறது.

சரி, பதிவு விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கண்மாய்க் கூட்டத்துக்குத் தலைவர் கிடையாது, முத்திரை கிடையாது. பிள்ளையார் கோயில் திண்ணையில் கூடுவார்கள். எந்த மடையை எந்த நாளில் திறப்பது, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை வெட்ட ஏக்கருக்கு எவ்வளவு வரி, மீன்பாசிக் குத்தகைப் பணத்தில் உபரி நீர் வழியும் கலிங்கைப் பூசுவதா கோயிலுக்குக் கொடுப்பதா என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். பெண்கள் உட்காரும் வழக்கமும் கிடையாது. முதல் மூன்று கூட்டங்களை எதிரே இருக்கும் ரேஷன் கடைப் படியிலிருந்து கேட்டேன். நான்காவது கூட்டத்தில், நிலம் தன் பேரில் இருக்கும் ஒரு விதவை அத்தை எழுந்து போய்த் திண்ணையில் உட்கார்ந்தார். நான் அவர் பின்னாலேயே போனேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குடிமைச் சமூகம் என்று நீங்கள் பெயர் வைத்திருப்பதை நான் கண்ணால் பார்த்த நாள் அது. எந்தப் பதிவாளர் அலுவலகக் கோப்பிலும் அது இருக்காது.

பதிவு பெற்ற சங்கமும் எங்கள் ஊரில் உண்டு. விவசாயிகள் பாசன அமைப்புகளைத் தாங்களே நிர்வகிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2000-இல் சட்டம் வந்தது. 2017-இல் குடிமராமத்து என்ற பழைய பெயரில் தூர்வாரும் திட்டம் திரும்ப வந்தபோது, பாசனதாரர் சங்கத்தின் பெயரில்தான் வேலை என்றார்கள். எங்கள் ஊரில் ஒரு சங்கம் அவசரமாகப் பிறந்தது. அதன் முத்திரை ஒருவர் வீட்டு பீரோவில் இருக்கிறது. அது கூடி நான் பார்த்ததில்லை. உங்கள் புதிய விதிப்படி அந்த பீரோவை ஆராயலாம், திண்ணையை ஆராயக் கூடாது.

நன்றாக நடக்கும் சங்கங்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஓர் உதாரணம். பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்து பிழைப்பு போனவர்கள், அதே கைத்திறனை வைத்து விஷமுறிவு மருந்துக்கு விஷம் எடுத்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தது நம் அரசு. ஆனால் எல்லா அறிவும் சங்கத்துக்குள் வந்து உட்கார்ந்துவிடாது. கணினியை மூடி வைத்த என் தோழி கீதாரிகளைப் பற்றி ஆராய நினைத்தவள். இராமநாதபுரத்துப் பக்கத்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு, அறுப்பு முடிந்த தஞ்சாவூர் வயல்களில் எருவுக்காக ராத்திரியில் ஆடுகளை அடைத்துக் கிடை போடுபவர்கள் அவர்கள். எந்த ஊரில் யார் கிடை, எத்தனை ராத்திரி, நெல்லா பணமா என்பது தலைமுறை தலைமுறையாக வாய்ப்பேச்சிலேயே நிற்கும் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் எப்படி முறியாமல் நிற்கிறது என்பதுதான் அவளுடைய கேள்வி. ஆண்டில் பாதி நாள் மேய்ச்சலில் இருப்பவர்களிடம் அவள் எந்த முத்திரையை வாங்கி வருவாள்?

காலத்தைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

என் உதவித்தொகையின் முதல் ஆண்டில் மழை பொய்த்தது. கண்மாய் பெருகவே இல்லை. 12 மாதம் என்று அப்போதே இருந்திருந்தால், 'நீர்ப் பங்கீடு நடக்கவில்லை' என்ற ஒற்றை வரியோடு ஆய்வேடு முடிந்திருக்கும். இரண்டாம் ஆண்டில் முக்கால் கண்மாய் தண்ணீர் வந்தது. போதும் போதாது என்ற நிலை. கடைமடையிலிருந்து முறை தொடங்குவதை அந்த ஆண்டில்தான் வளர்ந்தவளாக, குறிப்பேட்டோடு பார்த்தேன். கிணறு வெட்டிய தலைமடைக்காரர் சிலர் முறையை மதிக்காமல் மோட்டார் போட்டதையும் அந்த ஆண்டில்தான் பார்த்தேன். கண்மாய் ஆய்வு கண்மாயின் காலத்தில்தான் நடக்கும். நிதியாண்டில் நடக்காது.

அந்த இரண்டாம் ஆண்டில் உங்கள் தவணை எட்டு மாதம் தாமதமாக வந்தது. நான் அனுப்பிய ஐந்து மின்னஞ்சல்களுக்கும் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒரே பதில். அறை வாடகைக்கு வழியில்லாமல் மதுரையில் ஒரு டியூஷன் சென்டரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்குப் போவேன். அப்புறம் அதுவும் நின்றது.

நடு மடையின் கல்லில் மூன்று கீறல்கள் இருக்கின்றன. தண்ணீர் மேல் கீறலைத் தொட்டால் ஆயக்கட்டு முழுவதற்கும் மடை திறக்கலாம். நடுக்கீறலில் நின்றால் பாதி ஆயக்கட்டுக்குத்தான் தண்ணீர், யாருடைய பாதி என்பதைத் திண்ணை முடிவு செய்யும். இந்த இரண்டையும் நீர்பாய்ச்சித் தாத்தா எனக்குச் சொல்லியிருந்தார். கீழ்க் கீறலைக் கேட்டபோது, 'அதுக்கு ஒரு கதை இருக்கு தாயி, தண்ணி வத்தட்டும், அங்கயே கூட்டிட்டுப் போய்ச் சொல்றேன்' என்றார். தையில் தண்ணீர் வற்றியது. நான் மதுரையில் கரும்பலகை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தை கடைசியில் அவர் இறந்துபோனார். மாசியில் உங்கள் பணம் வந்தது.

என் ஆய்வேட்டில் இரண்டு கீறலுக்கு விளக்கம் இருக்கிறது. மூன்றாவதற்கு நேரே 'தெரியவில்லை' என்று எழுதியிருக்கிறேன். அவருடைய மகனைக் கேட்டேன், ஊரில் பெரியவர்களைக் கேட்டேன். வழிபாட்டுக் குறி என்கிறார் ஒருவர், மீன்களுக்காக விட்டுவைக்கும் தண்ணீரின் அளவு என்கிறார் இன்னொருவர். அவர் இறந்ததற்கு நீங்கள் காரணம் என்று சொல்லவில்லை. வயதானவர், போனார். ஆனால் அந்தத் தையில் நான் அங்கே இருந்திருக்க வேண்டும். இருக்க முடியாமல் போனதற்கு உங்கள் அலுவலகத்தில் நகராத ஒரு கோப்பு காரணம். அதற்கு இதுவரை யாரும் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. இப்போது காலத்தைப் பாதியாக வேறு குறைத்திருக்கிறீர்கள்.

மரியாதைத் தொகையை நீக்கியது எல்லாவற்றையும்விட வலிக்கிறது. ஒரு நாள் முழுக்க என்னோடு கரையில் நடந்தால் அவர் நூறு நாள் வேலைக்குப் போக முடியாது. அந்த நாளுக்கு 300 ரூபாய் கொடுத்தேன். ரசீதில் கைநாட்டு வைத்தார். 'கையொப்பம் இல்லை' என்று உங்கள் தணிக்கையாளர் அந்த ரசீதுகளைத் திருப்பி அனுப்பினார். அப்போது விளக்கம் எழுதிச் சரிசெய்தேன். இப்போது தொகையையே எடுத்துவிட்டீர்கள். ஆய்வாளருக்கு மாதத் தொகை, நெறியாளர் வந்துபோகப் பயணப்படி, கருத்தரங்குக்கு விமானச் செலவு எல்லாம் அப்படியே இருக்கின்றன. அறிவைக் கொடுப்பவர் மட்டும் சும்மா கொடுக்க வேண்டும்.

1987-இல் அகத்தியமலைக்குப் போன விஞ்ஞானிகள், வழிகாட்டிகளாக வந்த காணி என்ற பழங்குடியினர் ஒரு பழத்தைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் நடப்பதைக் கவனித்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அந்தச் செடியிலிருந்து, கேரளத்தில் பாலோடு என்ற ஊரில் இருக்கும் தாவரவியல் ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் ஒரு மருந்து நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்தது. வந்த உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவானது. 1997-இல் அதற்கென்றே காணிகளின் அறக்கட்டளை ஒன்றும் பதிவானது. எந்தக் காணிகளிடம் கேட்டார்கள், யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று அதிலும் சண்டைகள் உண்டு. ஆனாலும் அறிவு கொடுத்தவருக்குப் பங்கு உண்டு என்பதை நம் நாடு அன்றே ஏற்றுக்கொண்டது. 2002-இல் பல்லுயிர்ச் சட்டத்திலும் எழுதி வைத்தது. மரபறிவு என்று பெயரிலேயே வைத்திருக்கும் ஓர் உதவித்தொகை 300 ரூபாயை மறுக்கும் இடத்துக்கு எப்படி வந்தது?

மொழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான் விண்ணப்பித்தபோது ஆய்வுத் திட்டத்தைத் தமிழில் எழுதி, இரண்டு பக்கச் சுருக்கத்தை ஆங்கிலத்தில் இணைத்தேன். நேர்காணலில் அதைப் படித்துவிட்டு வந்தவர்களும் இருந்தார்கள், நல்ல கேள்விகள் கேட்டார்கள். சுருக்கத்தை மட்டும் படித்த ஒருவர், நீர்பாய்ச்சிக்கு எதற்காக விடுதலை தருகிறார்கள் என்று கேட்டார். களத்துமேட்டுக் கதிர்க்கட்டான சுதந்திரத்தை நான் ஆங்கிலத்தில் சரியாகச் சொல்லவில்லை, சொல்லவும் ஒரு சொல் இல்லை. முறை, கரை, கிடை என்று எங்கள் ஆய்வின் உயிரே சொற்களில் இருக்கும்போது, அந்தச் சொற்களை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்வது என்ன நியாயம்? அரசுக் கல்லூரியில் தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்குத்தான் இந்த ஊர்களோடு உறவு அதிகம். இந்த விதி முதலில் தள்ளிவிடுவது அவர்களைத்தான்.

அவர்கள் வேறு எங்கே போவார்கள் என்பதையும் யோசியுங்கள். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜேஆர்எஃப் என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அது கிடைக்காமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் செய்பவருக்கு 8,000 ரூபாய். அதையும் நிறுத்தப் போவதாக 2015-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி அறிவித்து, மாணவர்கள் டெல்லியில் அதன் அலுவலக வாசலில் இரவு பகலாக உட்கார்ந்த பிறகுதான் பிழைத்தது. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022-இல் ஒன்றிய அரசு நிறுத்திவிட்டது. கதவுகள் குறைந்துகொண்டே வரும் காலத்தில் உங்கள் கதவு ஒன்று திறந்திருந்தது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

என் கோரிக்கைகள் இவை. உதவித்தொகைக் காலத்தை மறுபடி 24 மாதமாக்குங்கள். மழை, மேய்ச்சல், அறுவடை என்று பருவத்தைச் சார்ந்த ஆய்வுகளுக்கு, காரணம் காட்டினால் இன்னும் ஒரு பருவம் நீட்டிக்க இடம் கொடுங்கள். தவணை எந்தத் தேதிக்குள் வரும் என்பதை ஆணையிலேயே எழுதுங்கள். 30 நாளுக்கு மேல் தாமதமானால் யாரைக் கேட்பது என்று ஓர் அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டும்.

பதிவுச் சான்று விதியை எடுத்துவிடுங்கள். சம்மதம் கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஊர்க்கூட்டத்தில் கேட்டு வாங்கிய வாய்மொழிச் சம்மதத்தின் ஒலிப்பதிவையும், கைநாட்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஆய்வுத் திட்டத்தைத் தமிழிலும், விண்ணப்பதாரரின் வேறு எந்தத் தாய்மொழியிலும் ஏற்று, அந்த மொழி படிக்கத் தெரிந்த ஒருவரையாவது குழுவில் வையுங்கள்.

மரியாதைத் தொகையைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அதுவும் ஆய்வாளரின் கைச்செலவாக இல்லாமல் தனித் தலைப்பில். ஆய்வாளரின் நெறியாளர் பெயருக்குக் கீழே, அறிவு தரும் ஊர்க்காரர் ஒருவரின் பெயருக்கும் படிவத்தில் ஓர் இடம் கொடுத்து, அவருக்கும் மாதத் தொகை கொடுங்கள். ஆய்வு முடிந்ததும் ஒலிப்பதிவுகளின் ஒரு பிரதி அந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதை விதியாக்குங்கள். நான் அவருடைய குரலை ஒரு பென் டிரைவில் போட்டு அவருடைய மகனிடம் கொடுத்தேன். எந்த விதியும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

விண்ணப்பிக்கக் கடைசி நாள் இந்த மாதம் 30. விதிகளைத் திருத்துவதாக இருந்தால் அதற்கு முன்னால் அறிவித்து, கடைசி நாளை இரண்டு மாதம் தள்ளி வையுங்கள். என் தோழிக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் எழுதி முடிக்க அவ்வளவு நாள் வேண்டும். கீதாரிகள் மேய்ச்சல் கிளம்புவதற்குள் அவள் அவர்களைப் பார்த்தாக வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் உதவித்தொகை பெற்ற முன்னாள் ஆய்வாளர் ஒருத்தி